கிறித்தவமும் அறிவியற்றமிழும்: மானிப்பாய் மருத்துவ நூல்கள் வழி ஒரு மதிப்பீடு

1. ஆராய்ச்சிக்குரிய வினா

கிறித்தவ சமயத்துக்கும் அறிவியலுக்கும் இடையே நிலவிய உறவைப் பற்றி மேனாட்டில் இரு கொள்கைகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. இரண்டும் இயல்பிலேயே பகையுடையன என்பது ஒன்று. பூமி ஞாயிற்றைச் சுற்றுகின்றது என்னும் கருத்தை வலியுறுத்தியமைக்காகக் கலிலியோ 1633ஆம் ஆண்டில் உரோமைத் திருச்சபையின் விசாரணை மன்றத்தால் தண்டிக்கப்பட்ட நிகழ்ச்சி இக்கொள்கைக்குத் தலையாய சான்று. 1874இல் டிரேப்பரும் 1896இல் வைட்டும் எழுதிய நூல்கள் இதனைப் பரப்பின. சமயமே அறிவியல் வளர்ச்சிக்கு ஊக்கம் தந்தது என்பது மற்றொன்று. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தூய்மைவாதச் சமயநெறியினர் இயற்கையாராய்ச்சியில் காட்டிய ஆர்வத்தை 1938இல் மெர்ட்டன் எடுத்துக்காட்டினார். பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து மரபியலுக்கு அடிகோலிய மெண்டல் ஒரு துறவி என்பதையும் இக்கொள்கையினர் நினைவூட்டுவர்.

இவ்விரு கொள்கைகளும் ஐரோப்பிய வரலாற்றிலிருந்து பிறந்தவை. தமிழ் வழங்கும் நிலப்பகுதிக்கு இவற்றை அப்படியே பொருத்திப் பார்த்தல் பொருந்துமா என்பது முதற்கண் எண்ணத்தக்கது. ஐரோப்பாவில் சமயமும் அறிவியலும் ஒரே மண்ணில், ஒரே மொழிகளில் நின்று தம்முள் உறவாடின. தமிழ்நாட்டிலும் ஈழத்திலுமோ அவை இரண்டும் பெரும்பாலும் ஒரே கப்பலில் வந்திறங்கின. வந்த இடத்தில் அவற்றுக்கு முன்னரே ஒரு சமயமும், ஒரு வானூலும், ஒரு மருத்துவமும், தொன்மையான ஓர் இலக்கிய மொழியும் இருந்தன. ஆகவே இங்கு ஆராய வேண்டிய உறவு இருபொருள் உறவன்று. சமயம், அறிவியல், தமிழ் ஆகிய மூன்றனுக்கும் இடையே அமைந்த உறவாகும்.

நம் இலக்கிய வரலாற்று நூல்கள் இப்பொருளைக் ‘கிறித்தவர் ஆற்றிய தமிழ்த்தொண்டு’ என்னும் தலைப்பில் அடக்கிவிடுகின்றன. வீரமாமுனிவர், சீகன்பால்கு, கால்டுவெல், போப்பு எனப் பெயர்கள் நிரலாக வரும். ஒவ்வொரு பெயர்க்கும் நேராக நூற்பட்டியல் ஒன்று வரும். இறுதியில் நன்றியுரை வரும். நன்றியுணர்வு நற்பண்பே. ஆயினும் பட்டியல் திறனாய்வாகாது. இன்ன நூல் எதன்பொருட்டு எழுந்தது, யார்க்காக எழுதப்பட்டது, அதன் மொழி அப்பயனை நிறைவேற்றிற்றா என்னும் வினாக்களை அப்பட்டியல்கள் எழுப்புவதில்லை.

அவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பின், கிறித்தவ சமயத்தார் தமிழரிடையே நடத்திய அறிவுப்பணி மூவகைப்படுவதைக் காணலாம். இங்கிருந்து வெளிநாடு சென்ற அறிவு ஒன்று. வாதத்துக்குக் கருவியாக வந்த அறிவு ஒன்று. மொழியில் ஊன்றப்பெற்ற அறிவு ஒன்று. மூன்றாவதே தமிழுக்கு நிலைத்த பயன் அளிக்க வல்லது என்பதும், அதன் தலைசிறந்த எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர் வெளியிட்ட நூல்கள் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இது கடந்த காலம் பற்றிய வினா மட்டுமன்று. இக்கட்டுரையாளர் பணிபுரியும் திருப்பெரும்பூதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இன்று நாள்தோறும் எழும் வினாவுமாகும். அதனை இறுதியிற் காண்போம்.

2. இங்கிருந்து சென்ற அறிவு

பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவியாகிய ரிசோ என்பார் 1689ஆம் ஆண்டு டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து ஒரு வால்மீனை நோக்கிக்கொண்டிருந்தார். அப்பொழுது தென்வானத்து ஒளிமிக்க விண்மீனாகிய ஆல்பா செண்டாரி ஒன்றன்று, இரட்டை விண்மீன் என்பதைக் கண்டார். வானியல் வரலாற்றில் இடம்பெற்ற இச்செய்தி தமிழ்க் கடற்கரையொன்றில் நிகழ்ந்தது. ஆயினும் அது சென்றடைந்த இடம் ஐரோப்பிய அறிஞர் கழகங்களே. புதுச்சேரித் தமிழர் எவர்க்கும் அது தமிழில் கூறப்பெற்றதாகச் சான்றில்லை.

தரங்கம்பாடியில் நிகழ்ந்ததும் இதனையொத்ததே. சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு சூலையில் அங்கு வந்திறங்கினார். அவர் தொடங்கிய மிஷன் அச்சுக்கூடம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டது. இச்செய்தியை யாவரும் அறிவர். அம்மிஷனின் மருத்துவராக 1768இல் வந்த கோனிக், செடிநூற் பேரறிஞர் லின்னேயசின் மாணவர். 1776இல் வந்த ராட்லர் தென்னாட்டுச் செடி கொடிகளை வாழ்நாள் முழுதும் திரட்டினார். அவர் உலர்த்திப் பாதுகாத்த செடிகள் இலண்டன் சென்று, பின்னர்க் கியூ தாவரத் தோட்டத்தின் தொகுப்பைச் சேர்ந்தன. அவரே தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்தார். ஒரே கையால் செடியையும் சொல்லையும் திரட்டியவர் அவர். ஆயினும் செடிகள் இலத்தீன் பெயர் பூண்டு ஐரோப்பா சென்றன. சொற்கள் அகராதியில் தங்கின. அவ்விரண்டையும் இணைத்துத் தமிழர் படித்தற்குரிய செடிநூல் ஒன்றாக அவை உருப்பெறவில்லை.

இங்குள்ள அறிவை அங்குக் கொண்டு செல்வதற்கும் சமயத் தலைமை எப்பொழுதும் இசைந்ததில்லை. சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபை விரிவாக ஆராய்ந்து ஒரு நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலே நகரத்து மிஷன் தலைவர் பிராங்கே அதனை அச்சிட விரும்பவில்லை. பிற சமயத்தை வேரறுக்கச் சென்றவர் அச்சமயச் செய்திகளை ஐரோப்பாவில் பரப்புதல் தகாது என்பது அவர் கருத்து. நூல் அச்சேறியது 1867இல். அதாவது நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர். ஒரே மிஷனுக்குள் அறிவார்வமும் அதற்குத் தடையும் அருகருகே இருந்தமையை இது காட்டும். சமயம் முழுமையும் அறிவுக்கு நட்பு என்றோ பகை என்றோ கூறுவார் இந்நிகழ்ச்சியைக் கருதுதல் வேண்டும்.

இவ்வறிஞர்களின் உழைப்பைக் குறைத்து மதித்தல் நம் நோக்கமன்று. அவர்தம் புலமையில் ஐயமில்லை. ஆயினும் அவ்வறிவில் தமிழ்நிலம் ஆராய்ச்சிப் பொருளாக அமைந்ததேயன்றித் தமிழ்மொழி அவ்வறிவைத் தாங்கும் கலமாக அமையவில்லை.

3. பாட்டில் புகுந்த வானியல்

தமிழைக் கலமாகக் கொள்ளும் முயற்சி முதலில் பாட்டில் நிகழ்ந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்சு ஐயரால் வளர்க்கப்பெற்றவர். தரங்கம்பாடியில் மேனாட்டுக் கலைகளைப் பயின்றவர். சரபோசி மன்னரின் நட்பைப் பெற்றவர். அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் ஞாயிற்றை நடுவாகக் கொண்ட வானியற் செய்திகளும், உலகப் புவியியற் செய்திகளும் இடம்பெறுகின்றன.

இலக்கிய நோக்கில் இது கருதத்தக்கது. குறத்தி தான் கண்ட மலைகளையும் நாடுகளையும் அடுக்கிக் கூறுதல் குறவஞ்சியின் மரபு. புதிய புவியியல் புகுவதற்கு அம்மரபிலேயே இடம் இருந்தது. ஆதலின் புறத்தேயிருந்து ஒட்டிய ஒட்டாக அது தோன்றவில்லை. படைப்பின் பெருமையைக் கூறிப் படைத்தவனை வாழ்த்துதல் கவிஞரின் நோக்கம். அந்நோக்கத்துக்கு வானியல் இடையூறின்றி உதவிற்று. ஆயினும் பாட்டு அறிவியலைப் பாடலாமேயன்றிக் கற்பிக்க இயலாது. காரணத்தையும் காரியத்தையும் தொடர்புறுத்தி, ஐயத்தை எழுப்பி விடைகூறும் பணி உரைநடைக்கே உரியது. சாஸ்திரியாரின் முயற்சி ஒரு வாயிலைத் திறந்தது. உள்ளே செல்வதற்கு வேறொரு நடை வேண்டியிருந்தது.

4. வாதத்துக்கு வந்த அறிவு

அறிவியலைத் தமிழர்க்கு முறையாகக் கற்பித்த முதன்மையான நிலையங்களுள் ஒன்று யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823இல் தொடங்கிய செமினரியாகும். டானியல் பூவர் அதன் முதல் தலைவர். கணிதம், வானியல், இயற்கைத் தத்துவம் ஆகியவை பெரும்பான்மையும் ஆங்கிலத்தில் அங்குக் கற்பிக்கப்பட்டன. தமிழும் வடமொழியும் உடன் இருந்தன. 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ என்னும் இதழ் அக்கலைச் செய்திகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியே கொண்டு சென்றது.

அங்கு வானியல் கற்பித்ததற்கு ஒரு நோக்கம் இருந்தது. பஞ்சாங்கத்தின் மதிப்பும் சமயத்தின் மதிப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முன்னதைத் தளர்த்தினால் பின்னதும் தளரும் என்று மிஷனார் கருதினர். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்த சந்திர கிரகணம் இதற்கு வாய்ப்பளித்தது. அவ்வூர்ப் பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியாரின் கணக்குக்கும் பூவரின் கணக்குக்கும் இடையே, காலத்திலும் மறைப்பின் அளவிலும் வேறுபாடு இருந்தது. கிரகணம் பூவரின் கணக்கையொட்டி நிகழ்ந்தது. மிஷனார் இதனைப் பெருவெற்றியாகப் போற்றினர்.

நடுநிலையில் நின்று நோக்குவார்க்கு இவ்வெற்றியின் அளவு விளங்கும். சாஸ்திரியார் கிரகணம் நிகழும் என்பதையே அறியாதிருந்தவர் அல்லர். அவரும் கணக்கிட்டே கூறினார். அவர் கையாண்ட வாய்பாடுகள் பழையன. அன்று தோல்வியுற்றது பழைய வாய்பாடு. சைவ சமயம் அத்தோல்வியில் பங்குகொள்ளவில்லை. ஒரு கணக்கின் பிழையிலிருந்து ஒரு சமயத்தின் பொய்ம்மையை முடித்துக் காட்டுதல் அளவை நூலுக்கு ஒவ்வாது. அம்முறையை ஏற்பின், கலிலியோவின் வழக்கில் திருச்சபை பிழைபட்டமையைக் கொண்டு கிறித்தவத்தையே மறுத்தலும் ஏற்கத்தக்கதாகிவிடும்.

மிஷனாருள்ளும் இதனை உணர்ந்தார் இருந்தனர். பூவர்க்குப் பின் தலைமை ஏற்ற ஹொய்சிங்டன், தமிழரிடை வழங்கிய வானூலை நேரிற் கற்று, அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கங்களுடன் 1848இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். சிவஞானபோதத்தையும் அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். மறுக்க முற்பட்டவர் முதலில் கற்க வேண்டியவரானார், கற்றபின் மொழிபெயர்ப்பாளரானார்.

மாணாக்கரும் வாதத்தின் வலுக்குறையை உணர்ந்தனர் என்று கொள்ளலாம். செமினரியின் புகழ்பெற்ற மாணவர்களாகிய கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். இருவரும் பின்னர்ச் சைவத்துக்கே மீண்டனர். விசுவநாதபிள்ளை 1855இல் ‘வீசகணிதம்’ என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்துப் பதிப்பாசிரியர்க்கு முன்னோடியானார். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிதற்கு வேண்டிய பயிற்சியில் செமினரிக் கல்விக்கும் பங்குண்டு. செமினரி தந்த அறிவை அவர்கள் கைவிடவில்லை. அவ்வறிவோடு ஒட்டித் தரப்பட்ட முடிவை மட்டும் ஏற்காது விட்டனர்.

1855இல் செமினரி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையிலான குழுவினர், ஆங்கில உயர்கல்விக்குச் செலவிடும் பொருள் திருச்சபையை வளர்க்கவில்லை என்று கருதினர். அறிவு ஒரு கருவியாக மட்டும் கருதப்படுமிடத்து, கருவி பயன் தராதபோது அது கீழே வைக்கப்படும். அடுத்து நிகழ்ந்தது இதனினும் வியப்புக்குரியது. உயர்கல்வியை மூடிய அதே கொள்கை, தாய்மொழியையே போற்ற வேண்டும் என்றும் கூறிற்று. அக்கொள்கைக்கு ஒத்த வழியில், அக்கொள்கையினர் எதிர்பாராத அளவுக்கு உயர்ந்த அறிவியலைத் தமிழில் கொணர முனைந்தவர் மருத்துவர் கிறீன்.

5. மொழியில் ஊன்றிய அறிவு

கிறீன் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு அக்டோபரில் பிறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். ஒருவர் மருத்துவத்துக்கும் மற்றவர் சைவத்துக்கும் எளிய தமிழுரைநடையைக் கருவியாக்கினர். 1847இல் இலங்கை வந்த கிறீன் அடுத்த ஆண்டில் மானிப்பாயில் மருத்துவ நிலையம் அமைத்தார். மாணாக்கர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். இடையே தாய்நாடு சென்று 1862இல் மீண்டார். 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தத் தொடங்கினார். 1873இல் உடல்நலங் குன்றித் தாய்நாடு திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை தமிழ் நூல்களைத் திருத்தி அனுப்பும் பணியை அவர் நிறுத்தவில்லை.

அவரும் அவர்தம் மாணாக்கரும் ஆக்கிய நூல்களை நிரலாகக் காண்போம். கட்டர் எழுதிய உடல்நூலின் தமிழாக்கம் ‘அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்’ என்னும் பெயரால் 1850களில் வந்தது. 1857இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’, 1883இல் ‘மனுஷ சுகரணம்’ ஆகியவை வெளிவந்தன. ‘வைத்தியாகரம்’, இந்திய மருந்துப் பொருள்களைக் கூறும் ‘இந்து பதார்த்த சாரம்’ ஆகியனவும் இவ்வரிசையில் அடங்கும். எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. இவற்றுள் ‘மனுஷ அங்காதிபாதம்’ இலண்டனில் 1858இல் முதன்முதல் வெளிவந்த கிரே என்பாரின் உடற்கூற்று நூலைத் தழுவியது. மூலநூல் தோன்றிய பதினான்கு ஆண்டுகளில் அதன் தமிழாக்கம் மாணாக்கர் கைக்கு வந்துவிட்டது. அறிவியற்றமிழ் வரலாற்றில் இவ்விரைவுக்கு இணை காண்டல் அரிது.

இனி அவற்றின் சொல்லாக்கத்தை ஆராய்வோம். தமிழில் வழங்கும் சொல்லை முதலிற் கொள்ளுதல். இல்லாதவழி வடமொழிச் சொல்லை நாடுதல். அதுவும் பொருந்தாதவழி ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இயைய மாற்றிக் கொள்ளுதல் என்பது கிறீனின் நெறி. இம்மூன்றனுக்கும் அவர்தம் நூற்பெயர்களே போதிய சான்றாகும்.

‘இரண வைத்தியம்’, ‘பிரசவ வைத்தியம்’ என்பன முதல் வகையின. இரணம் என்பது வடசொற் சிதைவே. ஆயினும் கத்தியாற் கையை அறுத்துக்கொண்ட உழவனும் அறிந்த சொல் அது. நாட்டு மருத்துவர் பல தலைமுறைகளாக அச்சொல்லைக் கையாண்டனர். அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், யார் வாயில் வழங்கியது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

‘அங்காதிபாதம்’, ‘சுகரணவாதம்’, ‘உற்பாலனம்’ என்பன இரண்டாம் வகையின. இவற்றைப் பிரித்துப் பொருள் கொள்ள வடமொழிப் பயிற்சி வேண்டும். உறுப்புகள் தத்தம் தொழிலைச் செவ்வனே செய்தல் ‘சுகரணம்’ என்று விளக்கியபின் சொல் இனிக்கும், விளக்குமுன் மருட்டும். அக்காலப் புலவருலகில் வடமொழிக் கூட்டுச்சொல் கல்விக்கு அடையாளமாக இருந்தது. கிறீன் அவ்வழக்கைப் பின்பற்றினார். இச்சொற்கள் நிலைபெறவில்லை. அவற்றின் இடத்தில் உடற்கூற்றியல், உடலியங்கியல், நலவாழ்வியல் என்பன பின்னர் வந்தமர்ந்தன. மொழிப்பற்று இம்மாற்றத்துக்கு ஒரு காரணம். கற்பாரின் வாயிலும் செவியிலும் அச்சொற்கள் ஊன்றாமை மற்றொரு காரணம் எனல் பொருந்தும்.

‘கெமிஸ்தம்’ மூன்றாம் வகை. இதனை எள்ளி நகையாடுவாரும் உளர். ஆயினும் இலக்கண நோக்கில் இஃது எள்ளத்தக்கதன்று. சொல் ஆங்கிலமாயினும் மகர ஈறு பெற்றுத் தமிழ்ப் பெயராகிவிட்டது. கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தால், கெமிஸ்தத்தில் என வேற்றுமை உருபுகளை இடர்ப்பாடின்றி ஏற்கின்றது. அயற்சொல்லைத் தமிழெழுத்துக்கு இயைய மாற்றிக் கொள்ளும் நெறியைத் தொல்காப்பியரே வடசொல்லுக்கு வகுத்துள்ளார். அந்நெறியை ஆங்கிலத்துக்கு நீட்டியவர் ஒரு வெளிநாட்டு மருத்துவர்.

வாதத்துக்கு வந்த அறிவினின்றும் இந்நூல்கள் எவ்வாறு வேறுபடுகின்றன? கிறீன் சமயநோக்கம் அற்றவர் அல்லர். ‘தமிழர்க்கு மருத்துவ நற்செய்தியாளர்’ என்னும் பொருள்படத் தம் கல்லறையில் பொறிக்குமாறு விரும்பியவர் அவர். ஆயினும் எலும்பின் அமைப்பைக் கூறும் நூலில் வாதத்துக்கு இடமில்லை. சைவர் எலும்பும் கிறித்தவர் எலும்பும் ஒரே வகையின. மேலும், தம் மாணாக்கர் உடையிலும் உணவிலும் ஒழுகலாற்றிலும் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்று அவர் விரும்பினார். நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவன் அவன் மொழியில் பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. இங்கு அறிவியல் எதனையும் நிறுவ வரவில்லை. பிணி தீர்க்க வந்தது. ஆதலின் சமயம் பற்றிய பூசல் அதனைத் தீண்டவில்லை. ஒரு சமயத்தார் ஆக்கிய நூல், அச்சமயத்தைத் தழுவாதார்க்கும் முழுப்பயன் தருமாறு அமைந்தது.

6. குறைகளும் முடிவும்

இம்மதிப்பீட்டுக்குத் தடைகள் கூறப்படலாம். வட்டுக்கோட்டைக் கல்வியின் பயன் பெரும்பான்மையும் வேளாளர்க்கே கிட்டிற்று என்பர். அது மெய்யே. சமயச் சமத்துவம் பேசிய நிலையமும் சாதிக் கட்டினை எளிதில் அறுக்கவில்லை. கிறீனின் உரைநடையில் வடசொல் மிகுதி என்பர். அதனை மேலே கண்டோம். எல்லாவற்றினும் வலிய தடை, அவர் பணி நிலைக்கவில்லை என்பது. அவர் சென்ற பின்னர்த் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நீடிக்கவில்லை. அரசுப் பதவிக்கு ஆங்கிலமே வழி என்னும் நிலையில், தமிழில் கற்ற மருத்துவன் ஆங்கிலத்தில் கற்றவனினும் தாழ்ந்தவனாகக் கருதப்பட்டான்.

மிஷன் மருத்துவத்தின் பிற்கால வரலாறும் இதனை வலியுறுத்தும். கிறீனுக்கு முன்னர், 1819இல் யாழ்ப்பாணம் வந்து பண்டத்தரிப்பில் பணியாற்றிய ஜான் ஸ்கடரின் பேர்த்தியே ஐடா ஸ்கடர். அவர் 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். அந்நிலையம் இன்று உலகப் புகழ் பெற்றுள்ளது. எண்ணற்ற உயிர்களைக் காத்த அதன் தொண்டு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் அங்குக் கல்விமொழி ஆங்கிலமே. ஒரே மிஷன் மரபிலிருந்து இரு கிளைகள் தோன்றின. ஆங்கிலக் கிளை தழைத்தது. தமிழ்க் கிளை வாடிற்று.

வாடியதற்குக் கிறீனை மட்டும் காரணமாகக் கூறுதல் நேர்மையாகாது. 1916இல் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தோன்றியபோது எழுந்த வினாக்கள், அரை நூற்றாண்டுக்கு முன்னர் மானிப்பாயில் எழுந்தவையே. தமிழ்ச்சொல்லா, வடசொல்லா, ஆங்கிலச் சொல்லா என்று மீண்டும் முதலிலிருந்து வினவப்பட்டது. 1967இல் அம்பி எழுதிய ‘கிறீனின் அடிச்சுவடு’ அம்மருத்துவரை நினைவுக்குக் கொணர்ந்தது. ஆயினும் நம் தமிழ்த்துறைகள் கிறீனின் நூல்களை உரைநடை இலக்கியமாகக் கருதிப் பாடம் வைத்தது அரிது. அவை மருத்துவ நூல்கள் என்று நாம் ஒதுக்கினோம். அவை பழைய நூல்கள் என்று மருத்துவர் ஒதுக்கினர்.

7. திருப்பெரும்பூதூரில் எழும் வினா

இனி முதலிற் குறித்த வினாவுக்கு வருவோம். திருப்பெரும்பூதூர் இராமாநுசர் பிறந்த ஊர். திருக்கோட்டியூரில் தமக்கு மறையாக உபதேசிக்கப்பட்ட பொருளை, கோபுரத்தின் மீதேறி யாவர்க்கும் வெளிப்பட உரைத்தார் அவர் என்று குருபரம்பரை கூறும். இன்று அவ்வூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள நிலப்பகுதி கார், தொலைபேசி, கண்ணாடி முதலியவற்றை ஆக்கும் தொழிற்சாலைகளால் நிறைந்துள்ளது. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும் வந்த பல்லாயிரம் இளைஞரும் இளம்பெண்டிரும் அங்குப் பணிபுரிகின்றனர். அவர்கள் கையாளும் பொறிகளின் பின்னே இயற்பியலும் வேதியியலும் நிற்கின்றன.

தொழிற்சாலையில் இரவுமுறைப் பணி முடித்து வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர், ‘டார்க்’ என்பதைத் தமிழில் எங்ஙனம் கூறுவது என்று என்னை ஒருமுறை வினவினார். பாடநூலில் ‘திருப்புவிசை’ என்றிருப்பதைக் கூறினேன். அவர் சற்று எண்ணிவிட்டு, “ஐயா, எங்கள் வரிசையில் யாவரும் ‘டார்க்’ என்றே கூறுவோம்; ஆனால் புதிதாக வந்தவனுக்குக் கற்றுக்கொடுக்கும்போது, ‘இவ்வளவு முறுக்கு, இதற்குமேல் முறுக்காதே’ என்றுதான் சொல்வோம்” என்றார். கிறீனின் மூன்று வழிகளும் அவ்விடையில் அடங்கியிருந்தமை எனக்கு வியப்பளித்தது. நூல் ஒரு சொல்லை ஆக்கியது. தொழிற்சாலை ஆங்கிலச் சொல்லைக் கொண்டது. கற்பிக்கும் நேரத்திலோ தமிழ்வினை தானே வந்து நின்றது. இரண வைத்தியத்தின் ‘இரணம்’ எவ்வகைச் சொல்லோ, அவ்வகைச் சொல் ‘முறுக்கு’.

2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. மாணாக்கரை ஈர்ப்பதில் அம்முயற்சி இடர்ப்பட்டமைக்குக் காரணம், கிறீனின் மாணாக்கர் எதிர்ப்பட்ட அதே அச்சம்: தமிழில் கற்றவனுக்கு வேலை கிட்டுமா என்பது. அவ்வச்சத்தைச் சொல்லாக்கம் மட்டும் போக்காது. அது பொருளியலையும் அரசியலையும் சார்ந்தது. ஆயினும் சொல்லே இல்லாதவிடத்து அரசின் ஆணையும் பயன் தராது.

ஆதலின் கிறித்தவம் அறிவியலுக்கு நட்பா பகையா என்னும் ஐரோப்பிய வினாவைத் தமிழர் தம் வரலாற்றுக்கு ஏற்ப மாற்றிக் கேட்டல் வேண்டும். வந்த அறிவு யார்பொருட்டு வந்தது? எம்மொழியில் நின்றது? அவ்வினாவுக்குப் புதுச்சேரித் தொலைநோக்கி ஒரு விடை தந்தது. வட்டுக்கோட்டைக் கிரகணம் மற்றொரு விடை தந்தது. மானிப்பாய் நூல்கள் தந்த விடையே தமிழ் தனதாக்கிக் கொள்ளத்தக்க விடை. அதே வினாவைச் சமயத்தாரிடம் மட்டுமன்றித் தொழிற்சாலை நிறுவுவாரிடமும், பல்கலைக்கழகங்களிடமும், இறுதியாகத் தமிழ்த்துறையினராகிய நம்மிடமும் கேட்டல் முறையாகும்.

நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கிறீன் நாட்டு மருத்துவர் வாயிலிருந்து சொல்லைத் தேர்ந்தார். நாமும் தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியரோடும் தொழிலாளரோடும் அமர்ந்து, பொறியருகே வழங்கும் தமிழ்ச்சொற்களைத் திரட்டுதல் வேண்டும். அவற்றுள் ஆங்கிலச் சொற்கள் இருப்பின் நாணத் தேவையில்லை. கெமிஸ்தம் போல் அவையும் தமிழ் உருபேற்று நிற்கும். அச்சொற்றொகுதி நம் துறைகளிலிருந்து வருமாயின், ஆண்டுதோறும் நாம் கூறும் நன்றியுரையினும் அதுவே கிறீனுக்கு நாம் செலுத்தும் தக்க கடனாகும்.